புதுத் தொட்டித் தண்ணீர்

பிப்ரவரி 21

ராத்தா,

இதை யாருக்கும் காட்டாதே. படித்து முடித்ததும் அடுப்பில் போட்டுவிடு. ஊரிலிருந்து என்ன சேதி என்று அந்த வீட்டில் யாராவது கேட்டால், தங்கச்சி வளையல் கேட்டு எழுதியிருக்கிறாள் என்று சொல்லிவிடு. எனக்கு வளையல் வேண்டாம். கேட்பவர்களுக்குச் சொல்ல ஏதாவது வேண்டுமே என்றுதான்.

ஊருக்கு மின்சாரம் தரும் எஞ்சினை நிறுத்திவிட்டார்கள். சமையலறையில் சிமினி விளக்கைச் சுற்றி மாவு டின்களை அடுக்கி, வெளிச்சம் வெளியே தெரியாதபடி வைத்து எழுதுகிறேன். உம்மா தூங்குகிறாள். வாப்பா மீனுக்குப் போய் இன்னும் திரும்பவில்லை.

நீ மாலேக்குப் போனபோது புதுத் தண்ணீர்த் தொட்டிக்கு அஸ்திவாரம் மட்டும் போட்டிருந்தார்கள். இப்போது கட்டி முடித்து நீலச் சாயமும் அடித்துவிட்டார்கள். கட்டியது தீவுத் தலைவரின் மருமகன். கடைசி மழையில் தொட்டி நிரம்பியது. மறு வெள்ளிக்கிழமைக்குள் பாதியாகிவிட்டது, அதற்கடுத்த வெள்ளிக்கிழமை தரை தெரிந்தது. பள்ளிவாசல் தொட்டியும் வற்றும் நிலைமை. வீட்டுக்கு ஒரு குடம்தான், அதற்கும் வரிசை. நேற்று ரஸீனாவின் உம்மா எல்லோர் முன்னாலும் கேட்டாள்:

"இவங்க கட்டினது தொட்டியா, சல்லடையா?"

"மெதுவா பேசுடி. தலைவர் காது மேற்குக் கரை வரைக்கும் நீளும்" என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி.

"நீளட்டுமே. அந்தக் காதோட கையும் நீண்டு வந்து இந்தக் குடத்தைத் தூக்கிவிடட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் சிரித்துவிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

தொட்டியைத் திறக்க மாலேயிலிருந்து அமைச்சர் வருகிறார். அந்தச் செய்தி வந்ததிலிருந்து எல்லாம் வருகிறது, ராத்தா. சாயம் வந்தது, கொடித்துணி வந்தது, தலைவரின் படகுக்கு டீசல் பீப்பாய் பீப்பாயாக வந்தது. போன மாதம் பிள்ளை பெற முடியாமல் தவித்த ஸபியா மாமியைப் பெரிய தீவுக்குக் கொண்டுபோகக் கேட்டபோது அதே படகில் டீசல் இல்லை. மருந்து அறை பூட்டியே கிடக்கிறது. வேலைக்கு இருந்தவர் பெருநாளுக்குப் போனவர்தான், ஆள் வரவே இல்லை. கேட்டால், "மாலேக்கு எழுதியிருக்கேன்" என்கிறார் தலைவர். என்ன கேட்டாலும் அவருக்கு இந்த ஒரே பதில்தான். எங்களை வைத்துத் தெருவுக்கெல்லாம் வெள்ளை மணல் கொட்டச் செய்கிறார்கள். நானும் ரஸீனாவும் குட நடனத்தில் முன் வரிசை. ஆடி முடித்ததும் புதுக் குழாயில் குடத்தை நிரப்பி எல்லோருக்கும் தண்ணீர் கொடுக்க வேண்டுமாம். படம் பிடிக்கிறவர் வருகிறாராம்.

இனிமேல் எழுதப்போவதற்குத்தான் பயந்துகொண்டிருந்தேன்.

குடத்தில் தாளம் தட்டும் மோதிரங்களை வகுப்பு ஜன்னலிலேயே மறந்துவிட்டேன். இன்று மஃரிபு தொழுகை முடிந்து இருட்டிய பிறகு எடுக்கப் போனேன். பள்ளிக்கூடத்துப் பின்னால் ஒரு பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. கழிப்பறைக் குழிக்குப் பக்கத்தில் இருக்கிறதே, கால் கழுவக்கூட நாம் போகாத அந்தக் கிணறு, அதற்குள் குழாய் இறங்கியிருந்தது. குழாயின் மறுமுனை தெருவோடு போய்ப் புதுத் தொட்டிக்குள் விழுந்தது. தலைவரும் மருமகனும் நின்றிருந்தார்கள். "குழாயைத் திறந்தா கொட்டணும், அவ்வளவுதான். அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் தலைவர்.

நான் மோதிரத்தை எடுக்காமலே ஓடி வந்துவிட்டேன். அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

நீ இருந்திருந்தால் உன்னிடம் சொல்லிவிட்டுத் தூங்கியிருப்பேன். நீதான் போய்விட்டாயே.

நஹூலா

---

பிப்ரவரி 26

நஹூலா,

நான் என்னவோ சுற்றிப் பார்க்கப் போனவள் மாதிரி எழுதியிருக்கிறாய். படிக்க வைக்கிறோம் என்று அழைத்து வந்தார்கள். மாலை வகுப்புக்குப் போகிற நாள்களைவிட அரிசி களைந்து முடியாத நாள்கள்தான் அதிகம். இந்த வீட்டு மாமி, ஒரு கரண்டி காணாமல் போனாலும் முதலில் என் பாயைத்தான் உதறிப் பார்ப்பார். அதனால் உன் கடிதத்தை அன்றே எரித்துவிட்டேன். உன் நண்டு ஓடிய எழுத்தை எரிக்கும்போது மனசு கேட்கவில்லை. தீவில் வேறு யாருக்கு அப்படி எழுத்து பக்கவாட்டில் ஓடுகிறது!

நீ பார்த்ததை மறந்துவிடு. வாப்பாவிடம் சொல்லாதே, அவருக்கு வாயை மூடத் தெரியாது. ஆடச் சொன்னால் ஆடு, குடிக்கச் சொன்னால் உதட்டில் வைத்துவிட்டுக் கீழே ஊற்றிவிடு. தலைவர்கள் இருப்பார்கள், அமைச்சர்கள் வருவார்கள் போவார்கள், நாம்தான் அந்தத் தீவில் கிடந்தாக வேண்டும்.

இங்கே எனக்கு இன்னும் பழகாத ஒன்று, கதவைத் தட்டுவது. நம் ஊரில் தூரத்திலிருந்தே பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு வருவார்கள், வந்தவர் யார் என்று குரலிலேயே தெரிந்துவிடும். இங்கே சத்தமில்லாமல் வந்து நின்று தட்டுகிறார்கள். ஒவ்வொரு முறையும் தூக்கிவாரிப் போடுகிறது. திறந்தால் பால்காரப் பையன் நிற்பான்.

ஜலீல் மாமா மட்டும் நல்லவர். வீட்டுக்காரர் என்ற கர்வம் இல்லை. அரசு அலுவலகத்தில் பெரிய பதவியாம். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரே ஆள் அவர்தான்.

ஷஹீமா

---

மார்ச் 9

ராத்தா,

உன் கடிதம் வருவதற்குள் திறப்பு விழா முடிந்துவிட்டது. வாப்பாவிடமும் சொல்லிவிட்டேன்.

வாப்பா விழாவுக்கு முன்னாலேயே தலைவரிடம் தனியாகப் போய்ச் சொன்னார். தொட்டியில் எந்தத் தண்ணீர் இருக்கிறது என்று தெரியும், விழா முடிந்ததும் வடித்துவிடுங்கள், ஊருக்குச் சொல்ல மாட்டேன் என்றார். தலைவர் வாப்பாவின் தோளில் கை போட்டு, "உன்னை மாதிரி ஆளுங்கதான் தீவுக்கு வேணும்" என்றாராம். அதை நம்பிக்கொண்டு வாப்பா மறுபடி கடலுக்குப் போனார்.

அமைச்சர் வந்தார், குழாயைத் திறந்தார், தண்ணீர் கொட்டியது. எல்லோரும் கை தட்டினார்கள். அவர் இளநீர் குடித்தார். படம் பிடிக்கிறவர், "பொண்ணுங்க குடிக்கிற மாதிரி ஒண்ணு" என்றார். உதட்டில் வைத்துக் கீழே விட்டேன், நீ எழுதாமலே எனக்கு அது தோன்றியது. பக்கத்தில் ரஸீனா மடமடவென்று குடித்தாள். வெயிலில் ஆடிய தாகம் அவளுக்கு. நான் அவள் கையைப் பிடித்திருக்கலாம். படம் பிடிக்கிறவர் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

விழா முடிந்து தொட்டியை வடிக்கவில்லை, குறைந்தால் இரவில் மறுபடி ஏற்றிக்கொண்டார்கள். பள்ளிவாசல் தொட்டியைப் பூட்டிவிட்டு, இனி எல்லோரும் புதுக் குழாய்க்கே போங்கள் என்று அறிவித்தார்கள். ஒரு வாரத்தில் வீட்டுக்கு வீடு வயிற்றுப்போக்கு. குழந்தைகளுக்குத்தான் அதிகம். ரஸீனா எழுந்து உட்காரவே இல்லை. அவள் கண் உள்ளே போய்விட்டது, ராத்தா.

வாப்பா கரை இறங்கியதும் கேள்விப்பட்டார். மீனைக்கூட இறக்கவில்லை. படகுத்துறையில் நின்று சத்தம் போட்டார்:

"யாரும் புதுத் தொட்டித் தண்ணியைத் தொடாதீங்க! அது மழைத்தண்ணி இல்ல. பள்ளிக்கூடத்துப் பின்கிணத்துத் தண்ணி. பம்ப் வெச்சு ஏத்தினாங்க. நானே என் கண்ணால பாத்தேன்!"

தலைவர் சிரித்துக்கொண்டே வந்தார். "நீ பாத்தியா? அன்னைக்கு ராத்திரி நீ கடல்ல இல்ல இருந்தே? உன் கண்ணுக்கு அவ்வளவு தூரம் தெரியுமா?"

கூட்டத்தில் சிலர் சிரித்துவிட்டார்கள். நான் தண்ணீர்க் குடத்தோடு அங்கேதான் நின்றேன். வாப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பாமல் இருக்க எவ்வளவு பாடுபட்டார் என்பது எனக்குத் தெரிந்தது.

அன்றிலிருந்து தினமும் அவரைத் தீவு அலுவலகத்துக்குக் கூப்பிட்டுத் திண்ணையாய்ப் போட்ட பலகையில் உட்கார வைக்கிறார்கள். அடிக்கவில்லை. கேள்வி மட்டும்தான், அதுவும் ஒரே கேள்வி. பார்த்தது யார்? ஆளைச் சொல், வீட்டுக்குப் போ. "நானே பாத்தேன்" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். மருமகன் வழியில் உம்மாவை நிறுத்தி, "அந்த ஆளை நாங்க கண்டுபிடிக்காம விடமாட்டோம் மாமி, அரசாங்கத்துமேல பொய் சொன்னா தண்டனையா எந்தத் தீவுக்கு அனுப்புவாங்கன்னு தெரியும்ல" என்றானாம். உம்மா இரவு முழுக்க என் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

மருந்துக்கு வழி உண்டா என்று மாலேயில் யாரிடமாவது கேட்டுப் பார், ராத்தா. தீவின் பெயரைச் சொன்னால் போதும், என் பெயரைச் சொல்லாதே. இந்தக் கடிதத்தைக் காட்டவே காட்டாதே.

நஹூலா

---

மார்ச் 15

என் செல்ல நஹூலா,

இனிமேல் அழாதே. நல்ல செய்தி.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் பாத்திரம் கழுவும் இடத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். ஜலீல் மாமா பார்த்துவிட்டு, என்னம்மா என்று கேட்டார். முதலில் மருந்து வேண்டும் என்று மட்டும்தான் சொன்னேன். சத்தியமாக அவ்வளவுதான் சொன்னேன். "வாய்ச்சொல்லை வெச்சு நான் மேலே பேச முடியாதும்மா. காகிதம் ஏதாவது இருந்தாத்தான் படகு அனுப்புவாங்க. இருக்கா?" என்றார்.

நீ காட்டாதே என்று எழுதியது கண் முன்னாலேயே நின்றது. ஆனால் ரஸீனாவின் கண் உள்ளே போய்விட்டது என்றும் நீதானே எழுதினாய். காட்டிவிட்டேன்.

அவர் இரண்டு முறை படித்தார். கோபப்படவில்லை. என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார். இந்த வீட்டில் நான் நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. மாமியே தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். தங்கச்சி என்ன படிக்கிறாள், எழுத்து வித்தியாசமாக இருக்கிறதே, இதற்கு முன்னாலும் இப்படி எழுதியிருக்கிறாளா என்று மாமா அன்பாக விசாரித்தார். ஏழாம் வகுப்பு என்றேன். "தைரியசாலி" என்றார். கடிதத்தை மேலிடத்தில் காட்டிவிட்டு நாளைக்கே திருப்பித் தருகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

படகு வரும். வாப்பாவை விட்டுவிடுவார்கள். ரஸீனாவின் உம்மாவிடம் சொல்லு.

ஷஹீமா

(மறுநாள் எழுதுகிறேன். கடிதம் இன்னும் கைக்கு வரவில்லை. வேலை அதிகம் போலிருக்கிறது. நாளை கேட்கிறேன்.)

---

மார்ச் 24

ராத்தா,

உன் கடிதத்தின் வாய் பிரிக்கப்பட்டு, சோற்றுப் பசையால் மறுபடி ஒட்டப்பட்டிருந்தது. நீ ஒட்டுவது கோந்தால்தானே.

ரஸீனாவின் உம்மாவிடம் சொல்ல ஒன்றும் இல்லை. ரஸீனாவை அடக்கம் செய்துவிட்டோம். மய்யித்தைக் குளிப்பாட்டப் பள்ளிவாசல் தொட்டியின் பூட்டைத் திறந்து கொடுத்தார்கள். உயிரோடு இருந்தபோது கேட்டும் திறக்கவில்லை. அவளுடைய குடம் எங்கள் வகுப்பு மூலையில் இருக்கிறது. யாரும் அதைத் தொடுவதில்லை.

நீ சொன்ன படகு வந்தது. அதில் மருந்து இல்லை. கஞ்சி போட்டு இஸ்திரி செய்த சட்டையோடு அரசாங்க ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். தலைவர் வீட்டில் தங்கியிருக்கிறார்கள். மாலேயிலிருந்து தண்ணீர்ப் புட்டிகளையும் பெட்டியோடு கொண்டுவந்திருக்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் ஊருக்கே சந்தேகம் தீர்ந்தது. வாய் விட்டு யாரும் சொல்லவில்லை. அந்தப் படகு திரும்பிப் போகும்போது வாப்பாவை ஏற்றிக்கொண்டு போனது. எந்தத் தீவுக்கு என்று சொல்லவில்லை. துறையில் உம்மா துணி மூட்டையைக் கொடுக்கப் போனபோது, "வேணாம். சீக்கிரம் வந்துடுவேன்" என்றார். பிறகு கையை நீட்டி வாங்கிக்கொண்டார். அவர் வாங்கிக்கொண்டதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இஸ்திரிச் சட்டைக்காரர்கள் நேற்று பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். ஐந்தாம் வகுப்புக்கு மேல் எல்லோரும் ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்றார்கள். தலைப்பு, 'எங்கள் தீவின் புதிய தொட்டி'. நன்றாக எழுதுகிறவர்களுக்குப் பரிசாம். சின்னப் பிள்ளைகள் சந்தோஷமாக எழுதினார்கள். கடிதத்தில் இருக்கும் பெயர் போதாமல் என் எழுத்தையும் ஒத்துப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. ஒவ்வொரு எழுத்தையும் நிமிர்த்தி நிமிர்த்தி, யாரோ எழுதுவது போல எழுதினேன்.

லைலா டீச்சர் என் தாளை வாங்கினார். பார்த்தார். என்னையும் பார்த்தார். இஸ்திரிச் சட்டைக்காரரில் ஒருவர், "இந்தப் பொண்ணு எப்பவும் இப்படித்தான் எழுதுமா டீச்சர்?" என்று கேட்டார்.

"எப்பவும் இப்படித்தான் சார்" என்றார் டீச்சர்.

"பழைய கட்டுரை ஏதாவது இருக்கா?"

"கரையான் தின்னுடுச்சு சார். அலமாரி கேட்டு மாலேக்கு எழுதியிருக்கோம்."

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அவர்கள் தாளைக் கட்டி எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஜலீல் மாமா என் கடிதத்தைத் திருப்பித் தந்தாரா?

நஹூலா

---

மார்ச் 29

அன்புள்ள தங்கை நஹூலாவுக்கு,

நான் நலம். இங்கே எல்லோரும் என்னை மிகவும் நன்றாகக் கவனித்துக்கொள்கிறார்கள். வெளியே போக வேண்டிய வேலைகூட இப்போது இல்லை. மீன் வாங்கப் போக மட்டும் விடுகிறார்கள், அதற்கும் வீட்டுப் பையன் துணைக்கு வருகிறான்.

நம் தீவுக்குப் புதிய தொட்டி கட்டித் தந்த பெரியவர்களுக்கு நாம் நன்றியோடு இருக்க வேண்டும். உனக்கு யாராவது தவறாகச் சொல்லியிருந்தால் அதை மறந்துவிடு. நீ சின்னப் பெண்.

நீ கேட்ட வளையல் வாங்கிவிட்டேன். நீ சொன்ன அளவை நான் கேட்காமல் வாங்கிவிட்டேன். உன் கைக்கு இறுக்கமாக இருக்கும். கடையில் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். எத்தனையோ முறை கேட்டுப் பார்த்துவிட்டேன். என்னை மன்னித்துவிடு. உம்மாவிடமும் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்
ஷஹீமா

---

ஏப்ரல் 3

ராத்தா,

உன் வளையல் சேதி கிடைத்தது. புரிந்தது.

இறுக்கம்தான். ஆனால் உன் மேல் கோபம் இல்லை. கேள் என்று நான்தானே சொன்னேன். அப்படி யாரைத்தான் கேட்டிருக்க முடியும்? கேட்பதற்கு நமக்கு யார் இருக்கிறார்கள் என்று நீயும் நானும் யோசிக்கவே இல்லை. படகு கேட்டால் தலைவர், மருந்து கேட்டால் தலைவர், தலைவரைப் பற்றிக் கேட்டால் அந்த இஸ்திரிச் சட்டைக்காரர்கள்.

இந்தக் கடிதம் அந்த வீட்டுக்கு வராது. மாலேக்குப் படகு ஓட்டும் தண்டேல் ஆதம் மாமா மீன் சந்தையில் உன் கையில் நேராகக் கொடுப்பார். கூட வரும் பையனை அவர் பேச்சுக் கொடுத்து நிறுத்திக்கொள்வார், அதில் அவர் கெட்டிக்காரர். கடிதத்தோடு ஒரு மாசிக் கருவாட்டு மூட்டை தருவார். மூட்டை நடுவில் மீன்குழம்புப் புட்டி ஒன்று இருக்கும். அதில் குழம்பு இல்லை.

நாளைக்குத் தொட்டியை வடித்துக் கழுவப் போகிறார்கள் என்று இன்று சாயங்காலம் அறிவித்தார்கள். வாப்பா கெஞ்சிக் கேட்டபோது வடிக்காதவர்கள் இப்போது வடிக்கிறார்கள். எனக்கு ஏன் என்று தெரிந்துவிட்டது. நாளைக்குப் பிறகு அதில் என்ன தண்ணீர் இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. வாப்பா சொன்னது பொய் என்றே ஆகிவிடும். அதனால் இருட்டியதும் குடத்தோடு போனேன். குழாயைத் திறந்தேன், புட்டி நிறையப் பிடித்தேன், மெழுகு வைத்து அடைத்தேன். பள்ளிவாசல் பக்கம் யாரோ இருமினார்கள். யார் என்று பார்க்கவில்லை.

இதை ஜலீல் மாமாவிடம் கொடுக்காதே. அரசாங்கத்தில் யாரிடமும் கொடுக்காதே. உன் மாலை வகுப்பில் வெளிநாட்டு டாக்டரின் மனைவி ஒருத்தர் பாடம் எடுப்பதாக முன்பு எழுதியிருந்தாயே, வகுப்புக்கு விடாவிட்டாலும் எப்படியாவது அவரிடம் சேர்த்துவிடு. இது என்ன தண்ணீர் என்று மட்டும் கேள். அவர் எழுதித் தந்தால் வாப்பா பொய் சொல்லவில்லை என்று ஆகும். வாப்பா தன் கண்ணால் பார்க்கவில்லைதான். நான் பார்த்தேன். அவரைத் திருப்பிக் கொண்டுவர அது தேவையானால், நான் பார்த்தேன் என்று நானே சொல்கிறேன். உம்மாவிடம் இன்று அதைச் சொன்னேன். உம்மா அடிப்பாள் என்று நினைத்தேன். என் தலையை வாரிப் பின்னிவிட்டாள். இரவில் யாராவது தலை பின்னுவார்களா?

லைலா டீச்சரை இன்று பெரிய தீவுக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போது ரஸீனாவின் குடத்தை எடுத்து என் பெஞ்சின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

புட்டியை மூட்டைக்குள் வைத்துக் கட்டியாயிற்று. உம்மா அதைக் கொல்லைப் பக்கமாக ஆதம் மாமா வீட்டுக்குக் கொண்டுபோக நிற்கிறாள். இந்தக் கடிதத்துக்காகத்தான் காத்திருக்கிறாள், முடி முடி என்கிறாள். உன்னிடம் இன்னொன்று கேட்க வேண்டும், ராத்தா. அந்த டாக்டர் மனைவி நம் மொழியை

வாசலில் சத்தம். ஆதம் மாமாவாக இருக்கும் என்றாள் உம்மா. ஆதம் மாமா என்றால் முனையிலிருந்தே என் பெயரைக் கத்திக்கொண்டு வருவாரே.

யாரும் கூப்பிடவில்லை. விளக்கை அணைக்கச் சொல்லி உம்மா காகிதத்தைப் பிடித்து இழுக்கிறாள். ராத்தா, தட்டுகிறார்கள். பெயர் சொல்லாமல், தட்டிக்கொண்டே